உஷார்! கட்டிப்போட்ட போட்டுதான் முதலில் மூழ்கும்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் படகு வைத்திருக்கும் அண்ணன்மார்களே, தம்பிகளே, ஐப்பசி பிறப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். வங்கக் கடலில் புயல் சின்னம் என்று டிவியில் ஓடத் தொடங்கிய பிறகு படித்தால், செய்ய வேண்டிய வேலையில் பாதிக்குக்கூட நேரம் இருக்காது.

"கடலுக்குப் போகவில்லை, போட்டு ஹார்பருக்குள்ளே பத்திரமாகக் கிடக்கிறது." மழைக்காலம் முழுக்க இந்த வார்த்தையைக் கேட்கலாம். எனக்கு அதைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. கடலில் இருக்கும் போட்டில் டிரைவர் இருக்கிறார், ஆட்கள் இருக்கிறார்கள், என்ஜின் ஓடுகிறது, உள்ளே தண்ணீர் ஏறினால் அடுத்த நிமிடம் பம்பு போடுகிறார்கள். ஹார்பரில் வாரக்கணக்கில் கட்டிக்கிடக்கும் போட்டில் யாருமே இல்லை. ஆளில்லாத போட்டை மழை நிரப்புகிறது, கயிறு தேய்ந்து அறுகிறது, பக்கத்துப் போட்டு வந்து இடிக்கிறது. இதில் எது நடந்தாலும் காலையில் யாராவது போன் பண்ணிச் சொன்ன பிறகுதான் ஓனருக்குத் தெரிகிறது.

2022 டிசம்பர் 9 இரவை நினைத்துப் பாருங்கள். மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் பக்கம். காசிமேட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. இருந்தும் காசிமேட்டில் கட்டிக்கிடந்த விசைப்படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன, சில அங்கேயே மூழ்கின. புயலுக்குப் பயந்து முன்னாடியே கரைக்குத் திரும்பி, சொன்னபடி கேட்டு, கட்டிப்போட்டிருந்த படகுகள்தான் அவை. எச்சரிக்கையை மதித்துக் கரைக்கு வந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டாம்.

காசிமேடு ஹார்பரில் இடத்தைவிடப் படகுகள் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வார்ஃபில் ஒரு போட்டு, அதன் விலாவில் இன்னொன்று, அதற்கும் வெளியே இன்னொன்று என்று வரிசை கட்டுகிறோம். வெளிவரிசைப் போட்டுகளின் இழுவையெல்லாம் கடைசியில் வார்ஃபோடு கட்டியிருக்கும் உள்வரிசைப் போட்டின் கயிற்றில்தான் வந்து விழும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் காற்றில் தாங்கிய கயிறு, 100 கிலோமீட்டரில் நான்கு பங்கு இழுப்பைத் தாங்க வேண்டும். அந்த உள்வரிசைப் போட்டு உங்களுடையது இல்லை என்றாலும் அதன் கயிறு உங்கள் கவலைதான். அது அறுந்தால் உங்கள் போட்டும் சேர்ந்தே போகும். அதனால் வரிசையில் கட்டும் நாலைந்து ஓனர்களும் ஒரு மணி நேரம் ஒன்றாக நின்று, யார் கயிறு எங்கே போகிறது, எது பழசு என்று பார்த்துவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. மனஸ்தாபம் இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் பேசிக்கொள்ளுங்கள்.

இந்தக் கரையின் குணம் புதிதல்ல. 1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அக்டோபர் நடுவில் ஒரே இரவுப் புயலில் தன் கப்பல்களில் சிலவற்றை இழந்தார். மிஞ்சியவை பாய்மரம் ஒடிந்து நின்றன. இங்கிலீஷ்காரர்களும் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அக்டோபர் 15 வந்ததும் புனித ஜார்ஜ் கோட்டைக் கொடியை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் நடுப்பகுதி வரை எந்தக் கப்பலும் இங்கே நங்கூரம் போட்டு நிற்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். பிறகு துறைமுகச் சுவர் கட்டினால் பயமில்லை என்று நினைத்து 1876இல் வேலை தொடங்கினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12ஆம் தேதி வந்த புயல் அந்தச் சுவரையே பெரிய அளவில் உடைத்துப் போட்டது. இத்தனையும் நடந்த கடலுக்குப் பக்கத்தில், நாம் கல் சுவரை மட்டும் நம்பி வீட்டில் தூங்குகிறோம்.

நங்கூரத்தை நம்புகிறவர்களுக்கும் ஒன்று. 2012 அக்டோபர் 31, நீலம் புயல். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற பிரதீபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பலைக் காற்று இழுத்துவந்து பெசன்ட் நகர் கடற்கரையில் தரைதட்ட வைத்தது. உயிர்காக்கும் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர், அது கவிழ்ந்து இறந்துபோனார்கள். அவ்வளவு பெரிய கப்பலின் நங்கூரமே பிடிக்கவில்லை. நம் நங்கூரம் ஹார்பர் சேற்றில் எத்தனை நேரம் பிடிக்கும்? தண்ணீர் ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது கயிறு விட்டால்தான் நங்கூரம் தரையைக் கவ்வும். நெரிசலில் யாரும் அவ்வளவு விடுவதில்லை. அப்படியிருக்க, பின்பக்கம் ஒரு நங்கூரம் போட்டுவிட்டோம் என்ற தைரியம் எங்கிருந்து வருகிறது?

மழைக்கு வருகிறேன். புயல் என்றால் காற்றைத்தான் நினைக்கிறோம். ஆனால் சின்னப் போட்டுகளை அதிகம் மூழ்கடிப்பது வானத்திலிருந்து விழும் தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். முப்பது அடி ஃபைபர் போட்டின் திறந்த பரப்பு குறைத்துப் போட்டாலும் பன்னிரண்டு, பதிமூன்று சதுர மீட்டர் வரும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் ஆந்திராவில் பாபட்லா பக்கம்தான் கரை ஏறியது. ஆனால் சென்னையின் பல இடங்களில் இரண்டே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. 400 மில்லிமீட்டரைப் பதிமூன்று சதுர மீட்டரால் பெருக்குங்கள். 5,200 லிட்டர். ஐந்து டன்னுக்கு மேல் தண்ணீர், போட்டின் சொந்த எடையைப் போலப் பல மடங்கு. அவ்வளவு நிறைய வேண்டியதே இல்லை. பாதி நிறைந்ததும் விளிம்பு தாழ்ந்துவிடும், அதற்குப் பிறகு ஒரு சின்ன அலை போதும்.

"ஆட்டோமேட்டிக் பம்பு போட்டிருக்கிறேனே" என்பார்கள். அந்தப் பம்பு எதில் ஓடுகிறது? நல்ல நிலையில் இருக்கும் 100 ஆம்பியர்-மணி பேட்டரி, 8 ஆம்பியர் இழுக்கும் பம்பைக் கணக்குப்படி பன்னிரண்டு மணி நேரம் ஓட்டும். இரண்டு, மூன்று வருஷம் ஆன பேட்டரி அதில் பாதி ஓட்டினால் பெரிது. என்ஜின் ஓடாமல் சார்ஜ் ஏறாது. மழை விடாமல் பெய்யும் இரண்டாம் நாள் ராத்திரி, பம்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். போதாக்குறைக்கு ஒரு பிளாஸ்டிக் கவரோ வலைத் துண்டோ மீன் செதிலோ பம்பின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். அடித்தட்டைச் சுத்தமாகக் கழுவி, குப்பையை அள்ளி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பம்பு தானாக ஓடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். மழை ஆரம்பித்தால் நாளுக்கு இரண்டு தடவையாவது ஆள் போய்த் தண்ணீரை இறைத்தாக வேண்டும். உங்களால் முடியாவிட்டால் காசு கொடுத்தாவது ஓர் ஆளை வையுங்கள்.

மர விசைப்படகு வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அந்த 61 நாளில்தான் போட்டைக் கரையேற்றிக் கலப்பத்து பார்த்து, கொட்டலசு சுரண்டி, பெயின்ட் அடிக்கிறோம். ஐப்பசி, கார்த்திகைக்குள் அந்த வேலைக்கு வயது ஐந்து மாதம். நடுவே எத்தனை தடவை வார்ஃபில் இடித்திருக்கும், எத்தனை தடவை பக்கத்துப் போட்டு உரசியிருக்கும்! பலகைச் சந்தில் போன பஞ்சு வெளியே தெரியாது. ஓடும்போது சொட்டுச் சொட்டாகக் கசிந்த ஷாஃப்ட் கிளாண்டு, கட்டிப்போட்ட பிறகும் ராப்பகலாகக் கசிந்துகொண்டேதான் இருக்கும். எடுத்து மாற்றுங்கள், குறைந்தது இறுக்கியாவது விடுங்கள். என்ஜினுக்குக் கடல் தண்ணீர் எடுக்கும் வால்வை மூடிவிட்டு வாருங்கள். மூடிய விஷயத்தை ஓர் அட்டையில் எழுதிச் சாவியோடு கட்டித் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் அப்படியே ஸ்டார்ட் பண்ணி என்ஜின் சூடேறிவிடும்.

முகத்துவாரத்திலும் கால்வாயிலும் வேலைக்காக நிறுத்தியிருக்கும் டிரம் மிதவைகளுக்கும் ஆபத்து உண்டு. மூடிய உருளைக்குள் தண்ணீர் கசிந்தால் மேலே நிற்கிறவருக்குத் தெரியாது. ஒரு பக்கம் நாலு விரல் தாழ்ந்திருப்பதை முதல் மழைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பார்க்கவில்லை என்றால், மேல்தட்டில் மழைத்தண்ணீர் அந்தப் பக்கமே தேங்கி, மொத்தமும் சாய்ந்துவிடும்.

கயிற்றைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஜூனிலிருந்து வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கயிறு மேலுக்குப் பளபளவென்றுதான் இருக்கும். கையில் முறுக்கிப் பாருங்கள், தூள் கொட்டினால் அந்தக் கயிற்றைத் தூக்கிப்போடுங்கள். நல்ல கயிறும் நடுவில் அறுவதில்லை, வார்ஃபின் சிமென்ட் விளிம்பில் உரசுகிற இடத்தில்தான் அறுகிறது. அந்த இடத்தில் பழைய தண்ணீர் ஹோஸைக் கீறிச் சுற்றிக் கட்டுங்கள். ஐம்பது ரூபாய் வேலை அது, முப்பது லட்சம் ரூபாய்ப் போட்டைக் காப்பாற்றும். கயிற்றைக் குட்டையாக இழுத்துக் கட்டாதீர்கள். சாதாரண நாளிலேயே ஓதத்தில் தண்ணீர் சுமார் ஒரு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. புயல் நாளில் அதற்கு மேலும் ஏறும். குட்டைக் கயிற்றில் மாட்டிய போட்டு மேலே எழும்ப முடியாமல் ஒரு பக்கம் சாயும், அல்லது கட்டுக்குற்றியைப் பிடுங்கிக்கொண்டு போகும். முன்னும் பின்னும் கட்டுவதோடு, அணியத்திலிருந்து பின்னோக்கி ஒன்று, பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி ஒன்று என்று குறுக்குக் கயிறும் போடுங்கள். போட்டு முன்னும் பின்னும் ஓடுவதை அதுதான் தடுக்கும். விலாவில் டயர் ஒன்று, இரண்டு போதாது. முழு நீளத்துக்கும் தொங்கவிடுங்கள்.

காற்று ஒரே பக்கத்திலிருந்து வரும் என்று நம்பிக் கட்டுவது இன்னொரு தவறு. 2016 டிசம்பர் 12, வர்தா. புயலின் கண்ணே சென்னைக்கு மேல் கடந்தது. முதலில் வடக்கிலிருந்து அடித்து மரங்களைச் சாய்த்தது. பிறகு கொஞ்ச நேரம் அமைதி. ஜனங்கள் முடிந்துவிட்டது என்று தெருவில் இறங்கினார்கள். அதற்குள் தெற்கிலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடித்தது. வாடைக் காற்றை மனதில் வைத்துக் கட்டிய போட்டுக்கு அந்த இரண்டாவது அடியைத் தாங்கக் கயிறே இருக்காது. நான்கு பக்கமும் இழுப்பு வரும் என்று நினைத்துக் கட்டுங்கள். நடுவில் வரும் அமைதியை நம்பிப் போட்டைப் பார்க்க ஓடாதீர்கள்.

இப்போது வடக்கே போவோம். துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். வீடு தப்பியது, ஆனால் ஃபைபர் போட்டை இழுத்து ஏற்ற மணல் இல்லாமல் போய்விட்டது. முன்பு கட்டுமரத்தை அவிழ்த்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் போட்டுவிடுவார்கள். இன்று பல குப்பங்களில் போட்டைக் கல் இடுக்கில் வைக்க வேண்டும், அல்லது தண்ணீரிலேயே விட வேண்டும். டிராக்டரோ கிரேனோ கிடைத்தால், புயல் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே மேட்டுக்கு ஏற்றுங்கள். அன்றைக்குத் தேடினால் எல்லோரும் தேடுவார்கள், வாடகை மூன்று மடங்காகும், வண்டியும் வராது. ஏற்றிய போட்டில் அடிக் கார்க்கைக் கழற்றிவிடுங்கள், மழைத்தண்ணீர் தானாக வடியட்டும். என்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

எண்ணூர் ஆற்றுக்குள் கொண்டுபோய்க் கட்டுவது பழைய வழக்கம். கடல் அலையிலிருந்து அது காப்பாற்றும் என்பதும் உண்மை. ஆனால் பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் அந்த வழியாகத்தான் கடலுக்கு வருகிறது, புழல் உபரிநீரும் அங்கேதான் வந்து சேர்கிறது. கிழக்கே அலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேற்கேயிருந்து ஆகாயத்தாமரையும் மரமும் அள்ளிக்கொண்டு வெள்ளம் வரும். 2023இல் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்ததை யார் மறப்பார்கள்? பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் பரவி, கட்டிக்கிடந்த போட்டுகளிலும் வலைகளிலும் தார் மாதிரி அப்பியது. வாரக்கணக்கில் தொழில் நின்றது. ஏரியில் எவ்வளவு கனஅடி திறக்கிறார்கள் என்ற செய்தியைக் கடல் செய்தியைப் போலவே கேளுங்கள். வலையைப் போட்டிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

தீயைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் சொல்கிறேன். 2023 நவம்பர் 19 இரவு விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு போட்டில் பற்றிய தீ, பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருந்ததால் பரவி, 30க்கும் மேற்பட்ட விசைப்படகுகளை எரித்தது. டீசல் டேங்க், சமையல் சிலிண்டர், காய்ந்த வலை, ஃபைபர் எல்லாமே தீனிதான். கட்டிப்போடும் காலத்தில் சிலிண்டரை இறக்கிவிடுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், பம்புக்குப் போவதை மட்டும் விடுங்கள். குளிருக்கு அடுப்பு மூட்டிப் போட்டில் தூங்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணுக்கு வருகிறேன். சென்னையிலும் எண்ணூரிலும் 1, 2 ஏற்றினால் புயல் சின்னம் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். உள்வரிசை, வெளிவரிசைப் பேச்சையெல்லாம் அப்போதே முடித்துவிட வேண்டும். 3 என்றால் பலத்த காற்று துறைமுகத்தையே தொடப்போகிறது. இரட்டைக் கயிறு, டயர், பம்பு என எல்லா வேலையும் அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே முடிய வேண்டும். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரிய அபாயம். அந்த எண்கள் ஏறிய பிறகு உங்கள் போட்டு கண் முன்னால் அறுத்துக்கொண்டு போனாலும் வார்ஃபில் இறங்காதீர்கள். இரண்டு போட்டுக்கு நடுவில் கால் வைத்தால் இடுப்பு நசுங்கும். இழுவையில் அறுந்து சொடுக்கும் கயிறு ஆளையே வெட்டிவிடும். அக்கா, அண்ணி, அம்மா யாராக இருந்தாலும் அன்றிரவு வீட்டு ஆண்களை வெளியே விடாதீர்கள். கடனுக்கு வாங்கிய போட்டுதான், தெரியும். அந்தக் கடனை அடைக்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

காகிதத்தையும் இப்போதே சரிபண்ணுங்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-இன்படி போட்டைப் பதிவு செய்த சான்று, இன்ஷூரன்ஸ் இருந்தால் அதன் நகல், என்ஜின் நம்பர் எல்லாவற்றையும் வீட்டில் உயரமான இடத்தில் பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். புயலுக்கு முன் போட்டைச் சுற்றிலும், பதிவு எண் தெரிய, கட்டிய கயிறுகள் தெரிய, செல்போனில் படம் எடுத்து வீட்டில் வேறொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். நிவாரணக் கணக்கெடுப்பு வரும்போது முழுச் சேதமா, பகுதிச் சேதமா என்ற வாக்குவாதத்தில் உங்களிடம் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

யாராவது தண்ணீரில் மாட்டிக்கொண்டால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த மூன்றையும் பிள்ளைகள் போனிலும் பதிந்து வையுங்கள்.

இவ்வளவுக்கும் மீறிப் போட்டு மூழ்கிவிட்டால், தூக்கிய உடனே என்ஜின் ஓடுகிறதா என்று சாவி போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் ராடு வளையும், சரிபண்ணக்கூடிய என்ஜின் இரும்புக்கடைக்குப் போகும். நல்ல தண்ணீரால் கழுவி, ஆயிலையும் டீசலையும் முழுக்க இறக்கி, நாசிலைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, புது ஆயில் ஊற்றிக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். வெளியே எடுத்த அன்றைக்கே இதைச் செய்யுங்கள். உப்புத்தண்ணீர் பட்ட இரும்பு காற்றுப் பட்ட நிமிடத்திலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். அதனால் மெக்கானிக்கிடம் இப்போதே பேசி வையுங்கள். புயல் கழிந்த மறுநாள் காசிமேட்டில் எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள்.